வரைபடம் யாரிடம், கடப்பாரை யாரிடம்?

(செம்பரம்பாக்கத்தில் கட்டடத் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தலித் இலக்கியம் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் கவிதை எழுதியவன் என்பதால் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வருகிற வழியில், நம்ம தெருமுனையில் சுண்ணாம்பில் இரண்டு கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன். என்னப்பா இது என்று கேட்டால், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டப் போறாங்க, நாளைக்கு ஜேசிபி வருது என்றார்கள். கோட்டைத் தவிர அங்கே வேறு ஒன்றும் இல்லை. ஒரு அம்பு இல்லை, ஒரு எழுத்து இல்லை. அதனால் இலக்கியத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்றைக்குப் பள்ளத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் வங்கியில் கவுண்ட்டரில் உட்காருகிறவன். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு 'லிங்க் இல்லை' என்று அட்டையைத் தொங்கவிட்டோம். முதியோர் உதவித்தொகை வாங்க வந்த பாட்டிகள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பேருந்துக்குக் காசு செலவழித்து வந்தவர்கள். மதியத்துக்குமேல் செய்தி வந்தது: பக்கத்துச் சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். உடனே எங்கள் கிளையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், "இந்தப் பள்ளம் தோண்டுற பசங்களுக்கு அறிவே கிடையாது." வரிசையில் நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் இன்றைக்கு இங்கே நின்று பேசுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் என்னை வளர்த்தது அந்தப் பள்ளம் தோண்டுகிற கூலி.

என் சித்தப்பா முப்பது வருஷம் பள்ளம் தோண்டியவர். இதோ பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அம்பத்தூர், ஆவடி, திருமழிசை, பூந்தமல்லி என்று இந்த மேற்குப் பக்கத்தில் அவர் கை படாத சாலை கம்மி. ஒரு ராத்திரி வேலை. கண்ட்ராக்டர் தரப்பில் வரைபடம் எதுவும் காட்டவில்லை. கீழ என்ன இருக்குது என்று இவர் கேட்டிருக்கிறார். "இங்க ஒண்ணும் இல்ல, நோண்டு" என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். மூன்றடி போவதற்குள் கடப்பாரை மின்கேபிளில் இறங்கிவிட்டது. முகமும் இரண்டு கையும் வெந்து, அரசு மருத்துவமனையில் இருபது நாள் கிடந்தார். இன்றைக்கும் வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அடுத்த நாள் பார்க்க வந்த இன்ஜினியர் கேட்ட ஒரே கேள்வி, "பாத்து நோண்டக் கூடாதாய்யா?"

தோழர்களே, இந்தக் கேள்வியை நான் பல வருஷமாக மனதுக்குள் வைத்திருக்கிறேன். முதலில் கோபம் வந்தது. மண்ணுக்குள்ளே எப்படியய்யா பார்ப்பது என்று. பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மண்ணுக்குள்ளே பார்க்க முடியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது, கருவி இருக்கிறது, விதி இருக்கிறது. ஆனால் அவை எதுவும் கடப்பாரை பிடிக்கிற கைவரைக்கும் வந்து சேரவில்லை. இது தற்செயலா? தெருவுக்கு மேலே நடக்கிறவனுக்கும் தெருவுக்குள்ளே இறங்குகிறவனுக்கும் நடுவில் இந்தச் சாதிய சமூகம் போட்டு வைத்திருக்கிற கோடு, அறிவு விஷயத்திலும் இருக்கிறது. அறிவு அலுவலக அலமாரியில் இருக்கிறது, ஆபத்து சேரிக்காரன் கையில் இருக்கிறது. அந்த அலமாரியில் இருப்பதை இன்றைக்குக் கொஞ்சம் கீழே இறக்குவோம்.

முதல் படி, கேட்பது. ஒரு தெருவைத் தோண்டுவதற்கு முன்னால் மின்வாரியம், குடிநீர் வாரியம், உள்ளாட்சி, தொலைபேசி நிறுவனங்கள், எரிவாயு நிறுவனம் என்று எல்லோரிடமும் வரைபடம் கேட்க வேண்டும். அகழ்வு வேலைப் பாதுகாப்புக்கென்று இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்டிருக்கிற ஐ.எஸ். 3764 என்ற விதித்தொகுப்பே, தோண்டுமுன் நிலத்தடியில் இருப்பவற்றை முழுமையாகத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது. ஆனால் வரைபடத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேபிள் எவ்வளவு ஆழத்தில் கிடக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 1255 இருக்கிறது. வீட்டு மின்சாரம் போகிற தாழ்வழுத்தக் கேபிள் 75 சென்டிமீட்டர், 11 கிலோவோல்ட் கேபிள் 90 சென்டிமீட்டர், 33 கிலோவோல்ட் 105 சென்டிமீட்டர். அதாவது இரண்டரை அடி, மூன்றடி, மூன்றரை அடி. இது புதைத்த நாளில் இருந்த தரைமட்டத்திலிருந்து அளந்தது. அதற்குப் பிறகு சாலையைச் சுரண்டியிருந்தால் கேபிள் மேலே வந்திருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகத் தார் போட்டிருந்தால் கீழே போயிருக்கும். நடுவில் பழுது பார்த்தவன் வளைத்துப் போட்டிருப்பான். காகிதத்தில் நேர்க்கோடு, மண்ணில் பாம்பு.

இரண்டாவது படி, நடந்து பார்ப்பது. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். மின்கம்பத்திலிருந்து கேபிள் கீழே இறங்குகிறதா, தெருவோரத்தில் மின்பெட்டி எங்கே நிற்கிறது, மேன்ஹோல் மூடிகள் எந்த வரிசையில் இருக்கின்றன, குடிநீர் வால்வுக் குழி எங்கே, கேபிள் போகிற வழியைக் காட்டும் கல் நட்டிருக்கிறார்களா, தார் எங்கே நிறம் மாறி ஒட்டுப் போட்டதுபோல் இருக்கிறது? ஒட்டுப் போட்ட இடம் என்றால் ஏற்கெனவே ஒருவன் அங்கே தோண்டியிருக்கிறான் என்று அர்த்தம்.

மூன்றாவது படி, கருவி. கேபிள் லொக்கேட்டர் என்று கையில் பிடித்து நடக்கிற கருவி ஒன்று உண்டு. மின்சாரம் ஓடுகிற கேபிளைச் சுற்றி உண்டாகிற காந்தப்புலத்தை அது பிடித்து ஒலி எழுப்பும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேபிளில் அழுத்தம் இருந்தும் அந்த நேரத்தில் யாரும் மின்சாரம் எடுக்காமல் இருந்தால், உதாரணத்துக்கு நள்ளிரவில் எரியாத தெருவிளக்குக் கேபிள், கருவி சும்மா இருக்கும். சும்மா இருக்கிறதே என்று இறங்கினால் ஆள் காலி. அதனால்தான் கூடவே ஒரு சிக்னல் பெட்டி வைத்து, கேபிளிலோ இரும்புக் குழாயிலோ தனி அலையைச் செலுத்தித் தேட வேண்டும். பிளாஸ்டிக் குழாயை இந்தக் கருவி கண்டுபிடிக்காது, அதன்மேல் உலோகக் கம்பி சேர்த்துப் புதைத்திருந்தால் ஒழிய. பிளாஸ்டிக்குக்கு, தரைக்குள் அலை அனுப்பி எதிரொலியை வாங்குகிற ராடார் உண்டு. அதுவும் ஈரமான களிமண்ணில் அலை சீக்கிரம் அடங்கிப் போவதால் சரியாகக் காட்டாது. நம்ம ஊர் ஏரிப்பாசன மண் எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கருவி 'இருக்கிறது' என்று சொன்னாலும் நம்புங்கள். 'இல்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

நான்காவது, குறிப்பது. அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே எண் இருக்கிறது. தோண்டப் போகிறவன் முன்கூட்டியே கூப்பிட்டால், நிறுவனங்கள் ஆள் அனுப்பித் தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போக வேண்டும். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற வரைபடம் அது. இங்கே நமக்குக் கிடைத்தது இரண்டு சுண்ணாம்புக் கோடு.

ஐந்தாவது, சோதனைக் குழி. குறித்த இடத்தில் ஜேசிபியை விடக் கூடாது. கையால் சின்னக் குழி எடுத்து, கண்ணால் பார்த்த பிறகுதான் பெரிய வேலை. கடப்பாரையும் கூந்தாலியும் ஓங்கிக் குத்துகிறவை, அவை வேண்டாம். மண்வெட்டி, சட்டிமண்வாரி, மெதுவாக. நேர்மேலேயிருந்து இறங்காமல் பக்கத்திலிருந்து மண்ணைச் சீவிக்கொண்டே நெருங்க வேண்டும். கடப்பாரை முனை கேபிளின் உறையைக் கிழித்து உள்ளே போனால், செம்போ அலுமினியமோ உருகித் தெறிக்கிற அளவுக்கு நெருப்பு வெடிக்கும். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். ஷாக் அடித்து விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் வெந்துபோனார்.

இப்போது சித்தப்பா சொல்வதைக் கேளுங்கள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்து அவர் சொல்லவில்லை. "நோண்டும்போது மணலு வந்துச்சுன்னா கைய நிறுத்துடா. ஏரி மண்ணுல ஆத்து மணலு எங்கேருந்து வரும்? எவனோ கொட்டி வெச்சிருக்கான். கொட்டி வெச்சிருக்கான்னா கீழ ஏதோ கிடக்குது. வரிசையா செங்கல்லு வந்தாலும் நிறுத்து. நாடா வந்தாலும் நிறுத்து." கேபிளுக்கு மேலும் கீழும் மணல் போட்டு, அதன்மேல் செங்கல் அல்லது ஓடு பரப்ப வேண்டும் என்பதுதான் விதி. பொறியாளர் விதியாகப் படித்ததை அவர் விரல் கொடுத்துப் படித்திருக்கிறார். இந்த அறிவை எந்த அலுவலகமாவது இதுவரை எழுதி வாங்கியிருக்கிறதா?

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தியாவிலும் ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தோண்டப் போகிறவர் இடத்தையும் நாளையும் அதில் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கிறவர்களுக்குத் தகவல் போகும். அதற்கு முன்பே, 2022-ஆம் ஆண்டின் தந்திக் கட்டமைப்புப் பாதுகாப்பு விதிகள், தோண்டுபவர் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. ஒருங்கிணைப்பு இல்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசு கணக்குச் சொன்னது. நல்லது, கேபிளுக்குக் கணக்கு இருக்கிறது. வெந்துபோன கைக்கும் போன உயிருக்கும் அந்தக் கணக்கில் ஒரு பத்தி இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இன்னொன்றைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி தொலைத்தொடர்புக் கட்டமைப்பைச் சேதப்படுத்தினால் நஷ்டஈடு தனி, அபராதம் 50 லட்சம் ரூபாய் வரை. சாக்கடையில் இறங்கிச் செத்தவரின் குடும்பத்துக்கு உச்சநீதிமன்றம் 2014-இல் நிர்ணயித்தது 10 லட்சம். 2023 அக்டோபரில்தான் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு தொகை என்று வக்கீல்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கேபிளின் விலை தெரியும், ஆளின் விலையும் தெரியும்.

சாக்கடை என்றதும் ஒரு எச்சரிக்கை. பள்ளம் தோண்டும்போது பழைய கழிவுநீர்க் குழாயோ, செப்டிக் தொட்டியோ உடைந்தால் எட்டிப் பார்க்க இறங்காதீர்கள். உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் விழுவார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இருந்தும், 1993 முதலான கணக்கில் இப்படிப்பட்ட சாவுகள் அதிகமாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு என்பது நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த தகவல். யார் செத்தார்கள் என்று இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

புதைத்த பொருள் தோண்டும்போது மட்டும்தான் கொல்லும் என்றில்லை. சரியாகப் புதைக்காவிட்டால் நடந்து போகிறவரையும் கொல்லும். 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் மழைநீர் தேங்கிய இடத்தில் கிடந்த மின்கம்பியில் கால் பட்டு இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில், விடிவதற்கு முன்னால் வேலைக்குப் புறப்பட்ட தூய்மைப் பணியாளர் ஒரு பெண், தேங்கிய மழைநீரில் கால் வைத்தார். கீழே புதைத்த மின்கேபிளிலிருந்து கசிந்த மின்சாரம் அவரைக் கொன்றது. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்ட மக்களின் குடியிருப்பு அது. 2022 அக்டோபரில் சென்னையில் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஒரு இளம் பத்திரிகையாளர் இறந்தார். மூடாத பள்ளம், ஆழமில்லாத கேபிள், இரண்டும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முகம்.

உலகத்தில் மற்ற இடங்களில் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. தென்கொரியாவின் தேகு நகரத்தில் 1995 ஏப்ரல் 28 காலையில், கட்டட வேலைக்குத் துளை போட்டவர்கள் எரிவாயுக் குழாயைக் குத்திவிட்டார்கள். வாயு வடிகால் வழியாகப் பக்கத்தில் இருந்த சுரங்க ரயில் பள்ளத்துக்குள் போய் வெடித்தது. 101 பேர் செத்தார்கள். அதில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலும் இப்போது வீட்டு எரிவாயுக் குழாய்கள் தெருவுக்குள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். கருவி காட்டாது என்று சற்று முன் சொன்னேனே, அந்த வகை.

நம்ம ஊருக்கு வருவோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. 2007-இல் திறந்த சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்யக்கூடியது. அந்தத் தண்ணீர் பெரிய பெரிய குழாய்களில் நகரத்துக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1 அன்று இதே ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது அடையாற்றின் கரை முழுக்க மூழ்கியது. அதற்குப் பிறகுதான் வடிகால், வடிகால் என்று எல்லாப் பக்கமும் தோண்டுகிறார்கள். வடிகால் வேண்டும், நான் மறுக்கவில்லை. நம்ம தெருவுக்கும் வேண்டும். ஆனால் நம்ம தெருவின் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டு, அதில் சாக்கடை கலந்து, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகு, "குழாய் இருந்தது தெரியாது" என்று சொல்கிற வடிகால் வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? நான்கு காரியங்கள் சொல்கிறேன்.

ஒன்று, கேள்வி. வேலை தொடங்குமுன் தொழிலாளி கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "கீழ என்ன இருக்குதுன்னு காட்டு, அப்புறம் நோண்டுறோம்." தனியாளாகக் கேட்டால் கூலி போகும். அதனால் கும்பலாகக் கேளுங்கள். தெருக்காரர்களும் கூட நில்லுங்கள். ஒன்றரை மீட்டருக்குமேல் ஆழம் போனால் பக்கச் சுவருக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும், தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது என்பதும் அதே ஐ.எஸ். 3764-இல் இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

இரண்டு, மனு. மாணவர்களே, இது உங்கள் வேலை. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் வேலை உத்தரவின் நகல், நிலத்தடி வரைபடம், எந்தெந்தத் துறையிடம் முன்னறிவிப்பு கொடுத்தார்கள் என்ற விவரம் கேட்டு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கிராமசபை நடக்கிற இடத்தில் கிராமசபையிலும், நகராட்சி என்றால் பகுதிச் சபையிலும் எழுந்து கேளுங்கள். தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராமசபை உண்டு.

மூன்று, காசு. இதை வங்கிக்காரனாகச் சொல்கிறேன். பிரதமர் விபத்துக் காப்பீட்டில் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்துச் சாவுக்கு 2 லட்சம். 18 வயது முதல் 70 வயது வரை சேரலாம். மே மாதக் கடைசியில் உங்கள் கணக்கிலிருந்து அந்த 20 ரூபாயை எடுப்போம். அன்றைக்குக் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு செத்துவிடும், ஆளுக்கு முன்னால். அப்படி ஒரு பெண் என் கவுண்ட்டருக்கு வந்து நின்றாள். கணக்கில் பதினொரு ரூபாய் இருந்தது. நான் அவளிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள், பதிவைப் புதுப்பியுங்கள். வேலையில் விபத்து நடந்தால், துணைக் கண்ட்ராக்டர் ஓடிவிட்டான் என்று விடாதீர்கள். வேலையைக் கொடுத்தவரும் பொறுப்பு என்பது 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிற கொள்கை.

அடிபட்ட நேரத்தில் செய்ய வேண்டியதும் இதோடு சேர்ந்தது. கேபிள் வெட்டுப்பட்டால் யாரும் நெருங்க வேண்டாம், தொட வேண்டாம். ஜேசிபி ஓட்டுபவர் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, மின்சாரம் நின்றதை உறுதி செய்த பிறகுதான் போக வேண்டும். வாயு வாசனை வந்தால் பீடி, செல்போன், இன்ஜின் எல்லாவற்றையும் நிறுத்தி, காற்று வரும் திசைப் பக்கமாக விலக வேண்டும்.

நான்கு, நம்முடைய வரைபடம். ஒவ்வொரு தடவை தெருவைத் தோண்டும்போதும் பள்ளம் திறந்திருக்கிற அந்த ஒரு நாள், இரண்டு நாள், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அப்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நகராத ஒரு சுவரிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எத்தனை அடி தள்ளி, தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்தில், எந்தக் குழாய், எந்தக் கேபிள் என்று அளந்து எழுதுங்கள். தேதி போடுங்கள், படம் எடுங்கள். சித்தப்பா மாதிரி ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு தெருவில் நடந்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நம்ம ஆட்களின் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று இத்தனை வருஷமாக மேடையில் சொல்கிறோமே, இதுவும் அந்த வரலாறுதான். இந்த நகரத்தின் நரம்பையெல்லாம் புதைத்தவன் யார் என்று அதில் இருக்கும்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். தொழிலாளியின் உடம்பு அரசின் பொறுப்பு என்று அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாதாடினார். அதை நம்ம தெருமுனைவரைக்கும் கொண்டுவருவது நம் வேலை.

பேச்சை முடிக்கிறேன். நேற்று சித்தப்பாவிடம், கூட்டத்தில் உங்க கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சொல்லு. ஆனா அவன் பாத்து நோண்டலன்னு மட்டும் யாரும் நினைக்கக் கூடாது. நான் கேட்டேன்டா. கேட்டப்புறம்தான் நோண்டுனேன்" என்றார்.

அவர் கேட்டபோது பக்கத்தில் யாரும் இல்லை. நாளைக் காலை ஜேசிபி வருவதற்கு முன்னால் நாம் எல்லோரும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்போம். நோட்டும் அளவு நாடாவும் நான் கொண்டுவருகிறேன். ஆறரை மணி.

ஜெய்பீம்.